நெட்டை முனிரத்தினம்

கட்டைவிரல் நகத்துக்கு முதலில் தட்டுப்பட்டது ஒரு வளைவு. அதற்குக் கீழே இன்னொரு வளைவு. இரண்டும் ஒரே பக்கமாகத் திறந்திருந்தன. மூன்று என்றது தசரதனின் விரல். அவசரப்படாதே என்றது மனம். தேய்ந்துபோன எட்டும் விரலுக்கு மூன்றாகத்தான் தெரியும், பழைய வெள்ளி ஆளைப் பார்த்துப் பொய் சொல்லும், உனக்கு எது வேண்டுமோ அதையே சொல்லும். அவர் முகத்தை அசைக்காமல் இடது கையிலிருந்த வெள்ளிக் கோப்பையை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஏதோ ஒரு பட்டாளத்தில், ஏதோ ஒரு வருஷம், கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்த கோப்பை. ஒரு காது நசுங்கியிருந்தது. வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால், இரண்டு ஆள் சேர்ந்து நடக்க முடியாத சந்தில், ஜாபர் பாய் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் இன்று பரப்பியிருந்ததெல்லாம் பட்டாளத்துச் சாமான்கள்தான். அதிகாரிகள் சாப்பிடும் மேஜையில் கைத்துணியைச் சுருட்டிச் செருகி வைக்கும் வெள்ளி வளையங்கள், பிடியில் யானை பொறித்த கரண்டிகள், மூடி இல்லாத ஒரு சிகரெட் பெட்டி. பெங்களூரில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது மொத்தமாக வந்தது என்று பாய் சொல்லியிருந்தார். அந்தக் கும்பலுக்கு அடியில், கறுத்துப்போய், ரிப்பன் இல்லாமல், ராஜா தலை மேலே தெரியும்படி அந்த மெடல் கிடந்தது. பார்த்தும் பார்க்காததுபோலக் கரண்டியை எடுத்தார். கரண்டியைத் திரும்ப வைக்கும்போது அதை உள்ளங்கைக்குள் வாங்கிக்கொண்டார். பிறகு கோப்பையைக் கேட்டார். வேண்டியதை வேண்டாததுபோல எடுக்க வேண்டும், வேண்டாததைத் தலையில் வைத்துக் கூத்தாட வேண்டும். மெடல் சேர்க்கிற பைத்தியத்தில் முதல் பாடமே அதுதான். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி இருந்தது. அதை எடுத்தால் தீர்ந்தது. கண்ணாடி வெளியே வந்த மறுகணம் பாயின் போனும் வெளியே வரும், ஒரு நிமிஷம் சார் என்று பொருளை வாங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று படம் பிடித்து பெங்களூருக்கு அனுப்புவார், அங்கே இதற்காகவே காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் அந்தப் பொருளை தசரதன் இந்த ஜன்மத்தில் பார்க்கப்போவதில்லை. ஆகவே கண் கோப்பையில், காது பாயிடம், உயிர் மட்டும் வலது கட்டைவிரலில்.

பூங்காவனம் வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரக்குப் பட்டு, ஆரணியில் பஸ் ஏறும்போதே வாங்கி வைத்த மல்லிகை, மடியில் பழமும் பரிசுப் பொட்டலமும் இருந்த பை. நேரமாகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். இரண்டாவது முறை சொல்லமாட்டாள், மூச்சு விடுவாள். அந்த மூச்சு இப்போது கேட்டது. அவளுடைய அண்ணன் கோதண்டத்தின் பேத்திக்கு இன்று சாயங்காலம் ரிசப்ஷன், மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான், கோதண்டம் இந்நேரம் வாசலில் சோபா போட்டு உட்கார்ந்திருப்பார், வருகிறவர்களுக்குச் சந்தனம் காட்டியபடி, தங்கை வந்ததும் பக்கத்திலிருக்கிற சம்பந்திக்காரரிடம் சொல்வார். என்ன சொல்வார் என்பது தசரதனுக்கு மனப்பாடம். இவதான் எங்க தாத்தாவோட சண்டை மெடலைக் காலுல போட்டுக்கினு ஆடினவ. சம்பந்தி சிரிப்பார். எல்லாச் சம்பந்திகளும் சிரித்திருக்கிறார்கள். பூங்காவனமும் சிரிப்பாள், உதட்டால் மட்டும், பிறகு பந்தியில் உட்கார்ந்து இலையில் இருப்பதைப் பாதிக்கு மேல் தொடாமல் எழுந்திருப்பாள். விரலை நகர்த்து, விரலை நகர்த்து. மூன்றுக்கு அடுத்து ஒரு வட்டம், முழு வட்டம், அதிலிருந்து வால் ஒன்று இறங்குகிறது. அல்லது ஏறுகிறது. ஒன்பதா, ஆறா? மெடல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரியாமல் விரல் எப்படிச் சொல்லும்? அவர் ஆள்காட்டி விரலை மெதுவாக வளைத்து முகப்பைத் தடவினார். மேடு, வழுக்கை போல ஒரு மேடு, அதன் கீழே தாடி சொரசொரப்பாக. ராஜா. ராஜா உள்ளங்கையைப் பார்த்திருக்கிறார், அப்படியானால் எழுத்தின் தலை இந்தப் பக்கம், வால் கீழே இறங்குகிறது, ஒன்பது. மூன்று, ஒன்பது. பாய் டீ சொல்லட்டுமா என்று கேட்டார், சொல்லுங்கள் என்றார், குரல் சரியாக வந்தது, அதில் அவருக்கே ஆச்சரியம்.

மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. வீட்டில் இருக்கிற இன்னொரு மெடலின், ரெக்கைக்காரியின், விளிம்பில் அந்த எண்தான் இருக்கிறது. அதையடுத்து முனிரத்தினம் என்ற பெயர், வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி, நடுவில் ஒரு எழுத்தை முழுங்கிவிட்டு. முனிரத்தினம் பூங்காவனத்தின் அப்பாவைப் பெற்றவர். பாலம் போடுகிற, பள்ளம் வெட்டுகிற படையில் சேர்ந்து, முதல் உலக யுத்தத்தில் மெசபடோமியா வரைக்கும் போய், உயிரோடு திரும்பியவர். அவர் திரும்பி வந்து நாளான பிறகு இரண்டு மெடல்கள் வந்தன. ஒன்று பித்தளை நிறம், அதில் சிறகு விரித்த ஒரு பெண். அவளுக்கு அந்த வீட்டில் ரெக்கைக்காரி என்று பெயர். மற்றது கெட்டி வெள்ளி, ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், குதிரையின் காலடியில் மண்டை ஓடு. மண்டை ஓட்டை மிதித்துக்கொண்டு குதிரையில் வருகிறவர் யாராக இருக்க முடியும்? முனீஸ்வரன்தான். பட்டாளத்துக்குப் போன பிள்ளையோடு சாமியும் கப்பலேறிப் போய்க் காப்பாற்றி, வெள்ளைக்காரன் கையாலேயே தன் உருவத்தை அடித்துக் கொடுக்க வைத்திருக்கிறார் என்று அந்தக் குடும்பம் முடிவு கட்டிவிட்டது. ஆடி வெள்ளியில் அதைத் தட்டில் வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்தார்கள். குதிரையில் இருப்பது இங்கிலீஷ்காரர்களின் ஒரு புண்ணியவான் என்று தசரதன் கல்யாணத்துக்குப் பிறகு எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னபோது, அவங்க ஊர்ல அப்படிச் சொல்லிக்கிறாங்க போல என்றாள் பூங்காவனம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் பெரியவளான வருஷம் அந்த வெள்ளி மெடல் பெட்டியிலிருந்து காணாமல் போயிற்று. அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள், அப்பா வாதம் வந்து பேச்சிழந்து கிடந்தார், தாய்மாமன் சீராகக் கொலுசு வந்திருந்தது. எங்கே சாமி என்று ஊர் கேட்டபோது கோதண்டம் தங்கையின் காலைக் காட்டினார். அப்பாதான் பேச்சு போவதற்கு முன்னால் ஆசாரியிடம் கொடுத்து உருக்கச் சொன்னார், பெண்ணுக்குக் கொலுசு இல்லாமல் சடங்கா என்றார், நான் என்ன செய்ய. மாமன் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே மனக்கசப்பில் ஊர் திரும்பியிருந்தார்கள். மறுத்துப் பேச ஆளில்லை. சாமியை உருக்கிக் காலில் போட்டுக்கொண்ட பெண். அன்றே அவள் கொலுசைக் கழற்றினாள், பிறகு போடவேயில்லை, தசரதன் வீட்டுக்கு வாழ வந்தபோதும் வெறுங்காலோடு வந்தாள், ஒரு கொலுசுக்குக்கூட வழியில்லாத இடமா என்று தசரதனின் அம்மா நாலு பேர் எதிரில் கேட்டாள், அதற்கும் பதில் சொல்லவில்லை. அவரிடம் மட்டும், கல்யாணமாகி எத்தனையோ நாள் கழித்து, ஒரு மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். உருக்கலைங்க. சாமியை உருக்கிக் காலுல போடுவாங்களா யாராவது? எங்கப்பா செய்யமாட்டாரு. அந்த மாசம்தான் எங்கண்ணன் கையில வாட்ச் ஏறிச்சு.

அந்த வாக்கியத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உருகவில்லை என்றால் அது எங்கோ இருக்கிறது. எங்கோ இருந்தால் ஒரு நாள் எதிரில் வரும். ஆரணியில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவருக்கு வேறென்ன ஆசை இருந்துவிடப் போகிறது. சம்பளம் வாங்கின மறுநாள் வேலூர், விடுமுறை கிடைத்தால் பெங்களூர், பழைய சாமான் கடைகளின் தட்டுகளைக் கிளறிக்கொண்டு நிற்பார். தேடினது கிடைக்காமல் தேடாதது கிடைத்தது. யார் யாரோ முத்துசாமிகளின் மெடல்கள், அப்துல் கரீம்களின் மெடல்கள், பட்டாளக் கரண்டிகள், பொத்தான்கள். விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர் இருந்தது, உருக்குகிறவன் கையில் அந்தப் பெயரை எப்படி விட்டு வருவது. இப்போது வீட்டில் பீரோவின் கீழ்த் தட்டு முழுக்க ஒரு பட்டாளம் படுத்திருக்கிறது. அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கண்ணால் பார்த்து எடுக்க அவருக்கு நேரமிருந்ததில்லை, விரல்தான் படிக்கும், தலைகீழாகவும் இடவலம் மாறியும் படிக்கும். ஈயத்தில் எழுத்து புடைத்திருக்கும், மெடலில் பள்ளமாயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ரெக்கைக்காரியைக் கையில் வைத்து உருட்டி உருட்டி அந்த விளிம்பு அவருக்குத் தன் உள்ளங்கை ரேகையைப் போல ஆகிவிட்டது. ஒரே ஆளின் இரண்டு மெடல்களிலும் விளிம்பில் அதே எண், அதே பெயர், அதே முழுங்கின எழுத்து. ஆகவே அவர் இப்போது படிக்கவில்லை, ஒரு முகத்தை இருட்டில் தடவி இது அவன்தானா என்று பார்க்கிறார். அடுத்தது வட்டம், வால் மேலே. ஆறு. மூன்று, ஒன்பது, ஆறு. இதயம் காதுக்குள் வந்துவிட்டது. இதற்கு முன்னால் ஒருமுறை இப்படி அடித்திருக்கிறது. குடியாத்தத்தில் ஒரு அடகுக் கடையில் முனிரத்தினம் என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு, எண்ணைப் பார்க்காமல், ஓடிவந்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அவரே கண்ணாடி வைத்துப் பார்த்தார், எண் வேறு, படை வேறு, யாரோ ஒரு முனிரத்தினம், அதைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கு. பரவால்லைங்க என்றாள். கோதண்டத்துக்கு எப்படியோ தெரிந்து, மாப்ள ஊர்ல இருக்கிற தாத்தாவையெல்லாம் தூக்கிக்கினு வராரு என்று ஒரு வளைகாப்பில் சொன்னார். இனி உறுதியாகத் தெரியாமல் அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவு. இன்றைக்கும் அதனால்தான் அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவர் கையில் இருப்பது தெரியாது, பத்து அடி தள்ளி உட்கார்ந்து விசிறிக் காற்றில் பறக்கிற முந்தானையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவள் தாத்தா ஒருவேளை இங்கே இருக்கிறார். ஒருவேளை. ஆறுக்கு அடுத்து விரலை வைத்தார், விரல் ஒரு குழிக்குள் விழுந்தது.

உடனே எடுத்துவிட்டார். நெருப்பைத் தொட்டதுபோல. இல்லை, அது ஒன்றுமில்லை, அழுக்கு, குங்குமம் காய்ந்து இறுகினதாயிருக்கும், அப்புறம் பார்க்கலாம், முதலில் பெயர். டீ வந்தது. கோப்பையைக் கீழே வைத்தால்தான் டீயை எடுக்க முடியும், கோப்பையை வைத்தால் வலது கை ஏன் சும்மா மூடியிருக்கிறது என்று பாய் பார்ப்பார். டீயைப் பெட்டிமேலேயே ஆறவிட்டார். இந்தக் கோப்பையை இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பார்த்தால் அது குட்டி போட்டுவிடும் சார் என்றார் ஜாபர் பாய். பூங்காவனம் வாசலிலிருந்து, அதுல இன்னா எழுதியிருக்கு, ராமாயணமா என்று கேட்டாள். பாய் அவளைப் பார்த்துச் சிரித்து, அம்மா நல்லாச் சொன்னீங்க, எங்க ஊட்லயும் நான் சாமான் பார்க்க உட்கார்ந்தா இதான் கேக்கறாங்க என்றார், அந்த இருவரும் கணவர்களைப் பற்றியும் மனைவிகளைப் பற்றியும் பேச ஆரம்பிக்க, தசரதனுக்கு ஒரு பெயரைப் படிக்கிற அளவு நேரம் கிடைத்தது. எஸ், அது பாம்பு, தவறவே தவறாது. பி. ஆர். சப்பர் என்பதன் சுருக்கம், பள்ளம் வெட்டுகிறவன். சரியாக இருக்கிறது. அப்புறம் எம், இரண்டு மலை. யு, கிணறு. என். ஐ, ஒற்றைக் கோடு, நகம் ஒரே ஒரு முறை தட்டுகிறது. ஆர். ஏ, கூரை. டி. இப்போது இன்னொரு டி வந்தால் அவன் வேறு ஆள், குடியாத்தத்து ஆளுக்கு இரண்டு டி. விரல் நகர்ந்தது. இரண்டாவது டி இல்லை. என். ஏ. எம். முழுங்கிவிட்டிருக்கிறான், அதே இடத்தில் முழுங்கிவிட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். கடை வெளிச்சம் திடீரென்று அதிகமானதுபோல இருந்தது. கோப்பையின் வயிற்றில் தன் முகம் கோணலாகத் தெரிந்தது, அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது, அதை உடனே அடக்கினார். இனி அந்தக் குழி. போய்த்தானே ஆக வேண்டும்.

குழி அழுக்கு இல்லை. சுத்தமான, கூரான ஓரமுள்ள பள்ளம், அரம் போட்டது. யாரோ ஒரு வியாபாரி, இது உள்ளே வரைக்கும் வெள்ளிதானா, மேல்பூச்சா என்று பார்க்க விளிம்பில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்திருக்கிறான். எல்லாரும் செய்வதுதான். அவனுக்கு விளிம்பில் வேறு இடமா கிடைக்கவில்லை? கடைசி எண்ணின் மேல் சரியாக வைத்து இழுத்திருக்கிறான், இரண்டைத் தின்றுவிட்டிருக்கிறான். இரண்டையா? அதுதானே தெரியவில்லை. தின்றது எதை என்று எப்படித் தெரியும். மூன்று, ஒன்பது, ஆறு, பள்ளம். இரண்டாயிருந்தால் தாத்தா. மூன்றாயிருந்தால்? மனம் அங்கே போய் இடறி விழுந்தது. பூங்காவனத்தின் ஊரிலிருந்து ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போன முனிரத்தினங்கள் இரண்டு பேர். முனீஸ்வரனைக் கும்பிடுகிற ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள். ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் கட்டை. நெட்டை முனிரத்தினம் பூங்காவனத்தின் தாத்தா, கட்டை முனிரத்தினம் மேலத்தெருக்காரர், இருவரும் வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று பெயர் கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள், அடுத்தடுத்து நின்றால் அடுத்தடுத்த எண், ஒரே குமாஸ்தா, ஒரே முழுங்கல். கட்டைக்குப் பிள்ளை இல்லை, அவர் மெடலும் எங்கோ போயிற்று. இது கட்டையாயிருந்தால்? ரெக்கைக்காரிக்குப் பக்கத்தில் கட்டையை வைத்து ஊதுபத்தி ஏற்றுவதா? வாங்கிவிடலாம், வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாம், வீட்டில் பூதக்கண்ணாடி வைத்து நிதானமாய்ப் பார்க்கலாம். என்ன பார்ப்பது, அரம் தின்றதைக் கண்ணாடி திருப்பிக் கக்க வைக்குமா? இங்கே தெரியாதது வீட்டிலும் தெரியாது, இன்று தெரியாதது என்றைக்கும் தெரியாது. சாகிற வரை இது தாத்தாவா கட்டையா என்று பீரோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோதண்டத்துக்குக் காட்டினால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், கட்டை மாப்ள அது, கட்டை. அவர் அப்படிச் சொன்னால் இல்லை என்று சொல்ல தசரதனிடம் என்ன இருக்கிறது? பள்ளம் இருக்கிறது. விரல் பள்ளத்துக்குள்ளேயே கிடந்தது. அடியில் ஒரு வளைவின் நுனி மிஞ்சியிருக்கிறதா என்று துழாவினார், இரண்டுக்கு அடியில் படுக்கைக் கோடு வரும், மூன்றுக்கு வளைவு வரும், ஏதோ தட்டுப்பட்டது, கோடு என்று விரல் சொன்னது, வேண்டியதைச் சொல்லாதே என்று விரலை அதட்டினார், மறுபடியும் துழாவினார், இப்போது ஒன்றுமே இல்லை. நாற்பது வருஷத் தேடல் ஒரு அரத்தின் அகலத்தில் வந்து நின்றது. ஏங்க, உடம்புக்கு இன்னா பண்ணுது என்று பூங்காவனம் கேட்டாள். எழுந்து வந்துவிட்டிருந்தாள். பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், வேர்த்திருக்கிறது என்றாள், பாய் விசிறியை இந்தப் பக்கம் திருப்பினார். அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைக்கக் கை தூக்கினாள். அந்தக் கையைப் பார்த்ததும் தசரதனுக்குள் ஏதோ ஒன்று விட்டுப் போயிற்று. தந்திரம் போதும். இது இவள் தாத்தா, அல்லது இல்லை, எதுவாயிருந்தாலும் இவளுக்குத் தெரியாமல் தான் ஒருவராக முடிவு கட்டுகிற விஷயம் இல்லை. இன்னொரு தரம் அந்த முகத்தைப் பார்க்க நேர்ந்தால் நேரட்டும். வலது கையைத் திறந்தார். இந்தா, இதைப் பார், நம்பர் ஒன்று போயிருக்கிறது, நெட்டையா கட்டையா தெரியவில்லை என்று சொல்லி, வியர்வையில் நனைந்த மெடலை அவள் உள்ளங்கையில் வைத்தார். எதிர்பார்த்தபடியே பாயின் கை போனுக்குப் போனது.

பூங்காவனம் விளிம்பைப் பார்க்கவேயில்லை. ராஜா தலையையும் பார்க்கவில்லை. அதைப் புரட்டிக் குதிரைப் பக்கத்தை மேலே கொண்டுவந்து, முந்தானை நுனியால் ஒரு தேய் தேய்த்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், பிறகு தூரமாகப் பிடித்து, மறுபடி அருகில் கொண்டுபோனாள். அவள் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று தசரதன் பயந்தார். அவள் சிரித்தாள், சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர வர. போனைத் தூக்கிய பாயிடம், போட்டோ எடுக்காதீங்க பாய், இது எங்க ஊட்டு சாமி என்றாள். பாய் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"எப்படிச் சொல்ற? நம்பரே இல்லையே."

"நம்பர் கிடக்குது. கோவணத்தைப் பாருங்க."

தசரதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். குதிரைமேல் இருந்தவர் எல்லா மெடலிலும் இருப்பதுபோல ஒட்டுத்துணி இல்லாமல்தான் இருந்தார். ஆனால் இடுப்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று, அதிலிருந்து முன்பக்கம் இறங்கும் இரண்டு சின்னக் கோடுகள், பின்னால் காற்றில் பறக்கிற ஒரு முடிச்சு. கீறல் இல்லை. நல்ல வேலை தெரிந்த கை, நுனி உளியால் போட்டது. குதிரையில் வருகிற முனீஸ்வரனுக்கு அம்சமான ஒரு கோவணம். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், பாய்க்குக் கேட்காமல், ஆனால் பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் ஆடி வெள்ளிக்குச் சாமியைக் குளிப்பாட்டுகிற வேலை அவளுடையது. மாமனார் எதிரில் உட்கார்ந்திருப்பார். துணியில்லாத சாமியைத் தேய்த்துக் குளிப்பாட்ட அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரிடம் சொல்வது. கடைசியில் தன் அண்ணன் மூலமாக ஆசாரியிடம் கொடுத்தனுப்பிக் கோவணம் கட்டிவிட்டாள். தாத்தா பார்த்தார், அடுத்த ஆடிக்கு, சாமிக்கு இப்பதான் மரியாதையா இருக்குது என்றார். கோதண்டத்துக்கு அது நன்றாகத் தெரியும், சின்ன வயதில் கோவணச்சாமி கோவணச்சாமி என்று சொல்லி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார்.

"இத்தனை வருஷமா நான் விளிம்பு விளிம்பா தேடறேன். இதை ஏன் நீ என்கிட்ட சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது," என்றாள் பூங்காவனம். "சாமி விஷயம். அதுவும் கோவண விஷயம். நீங்க நம்பர் நம்பர்னு எதையோ சொல்லிக்கினு இருந்தீங்க, படிச்சவங்களுக்கு அதான் வழி போலன்னு இருந்துட்டேன்."

தசரதனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வயிற்றின் அடியிலிருந்து வந்தது, கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஒன்பது ஆறு இரண்டு, போகட்டும், அரம் தின்ற இரண்டு அந்த அரத்துக்கே இருக்கட்டும். உருகவில்லை. ஒரு துளி உருகவில்லை. ராஜாவின் தாடி இருக்கிறது, குதிரையின் வால் இருக்கிறது, மண்டை ஓட்டில் பல்கூட இருக்கிறது, சாமியின் காலடி மண் இவள் காலில் ஒரு நாளும் பட்டதில்லை. மாமன் கொண்டுவந்தது மாமன் கொலுசுதான். இவள் சொன்னாள், அன்றைக்கு மழையில் சொன்னாள், அவர் நம்பினார், நம்பினோம் என்று நினைத்தார், ஆனால் நம்பிக்கை வேறு, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது வேறு. ஏதோ சொன்னார் பாய். விலை. எவ்வளவு சொன்னாரோ அதற்குத் தலையாட்டினார், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடையில் பேரம் பேசவில்லை, பாய்க்கே அது பிடிக்காமல் அவராகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அப்போ கோப்பை, சார்? என்று கேட்டார். அது எங்களுக்கு எதுக்கு பாய், நாங்க யார் கயிறை இழுக்கப்போறோம் என்றாள் பூங்காவனம். பாய் தசரதனை ஒரு பார்வை பார்த்தார், இவ்வளவு நேரம் கோப்பையைத் தூக்கிப் பிடித்த கதை அவருக்கு விளங்கிவிட்டது, நல்லா டீ ஆறவெச்சீங்க சார் என்று சொல்லித் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

பொட்டலம் கட்டித் தரட்டுமா என்று பாய் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். ரிப்பன் நுழைகிற மேல்துளையில் அதைச் செலுத்தி, மெடலை இடது தோளுக்குக் கீழே கொண்டுபோனாள். அங்கே இல்லை, வலப்பக்கம் என்றார் தசரதன். சண்டையில் வாங்கின ஆள்தான் இடப்பக்கம் குத்திக்கொள்ள வேண்டும், அவர் போன பிறகு அவர் ரத்தத்தில் வந்தவர்கள் வலப்பக்கம் குத்திக்கொள்ளலாம், பட்டாளத்து வழக்கம் அது. சொல்லும்போதே பார்த்தார், இடப்பக்கமாயிருந்தால் முந்தானை மூடியிருக்கும், வலப்பக்கத்தை எந்தத் துணியும் மறைக்கவில்லை, பட்டாளக்காரர்கள் அந்த வழக்கத்தைப் புடவை கட்டுகிறவளுக்காகவே ஏற்படுத்தி வைத்ததுபோல இருந்தது. அரக்கு ரவிக்கைமேல், குதிரைப் பக்கம் வெளியே தெரிய, முனீஸ்வரன் கோவணத்தோடு நின்றார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். பழப் பையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சந்தில் இறங்கி முன்னால் நடந்தாள். எப்போதும் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். இன்று சந்து அகலமாகிவிட்டதுபோல நடு வழியில் போனாள், எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் ஓரமாக ஒதுங்கி நின்று அவள் மார்பில் மின்னியதைப் பார்த்தார். தெருவுக்கு வந்ததும் மண்டபத்தின் நாதஸ்வரம் கேட்டது. சீரியல் விளக்குகளுக்குக் கீழே, வாசல் சோபாவில், சந்தனக் கிண்ணத்தோடு கோதண்டம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"உங்கண்ணன் கேட்டா இன்னா சொல்லப்போற?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றாள் பூங்காவனம், நடையை நிறுத்தாமல். "கண்ணு தெரியலன்னா எழுந்து வந்து குனிஞ்சு பார்க்கட்டும்."